போரையும் பொய்யையும் தரவு வழியே அறிய: எந்தக் கருவியில் தொடங்குவது?

உலக அரசியலைத் தரவு வைத்துப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது. நடுக்கடலில் எந்தக் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். எந்த ஊரில் எந்தத் தேதியில் குண்டு விழுந்தது, யார் போட்டது என்று லட்சக்கணக்கான வரிகளில் அட்டவணை இறக்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் உளவுத்துறைகளிடம் மட்டும் இருந்த வசதிகள் இவை. நமக்குப் பஞ்சம் நேரத்திலும் பணத்திலும்தான்.

அதனால் கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன். கையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடியும், செலவழிக்கப் பணம் கிடையாது. மாணவராக இருக்கலாம், சிறிய செய்திக் குழுவாக இருக்கலாம், தனியாக எழுதுகிறவராக இருக்கலாம். நாடுகளுக்கு இடையே நடப்பதையும், அதைச் சுற்றிப் பரப்பப்படும் பொய்களையும் அறிய எந்த வழியை முதலில் கற்றுக்கொள்வது?

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் படத்தையும் ஒற்றைக் காணொளியையும் சரிபார்க்கும் வேலையில் தொடங்குங்கள். அப்புறம் மனிதர்கள் கையால் தொகுத்த நிகழ்வுத் தரவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பாடத்திட்டங்கள் இதற்கு நேர்மாறாகப் பெரிய தரவில் ஆரம்பித்துச் சின்ன விவரத்துக்கு வருகின்றன. அந்த வரிசை ஏன் எனக்கு ஒத்துவரவில்லை என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்க்கும்போது சொல்கிறேன்.

நிகழ்வுத் தரவு: மூன்று தளங்கள், மூன்று உலகங்கள்

புதிதாக வருகிறவர்களை முதலில் ஈர்ப்பது ஜிடெல்ட். கலெவ் லீதாரு என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட திட்டம். உலகம் முழுவதும் வரும் செய்திகளைக் கணினி படித்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பிரித்து, 1979 முதல் இன்றுவரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் மோதலுக்குக் கழித்தல் 10, ஒத்துழைப்புக்குக் கூட்டல் 10 என்ற அளவுகோலில் ஒரு மதிப்பெண்ணும் உண்டு. இரண்டு நாடுகளின் பெயரைக் கொடுத்தால் அவற்றின் உறவு ஏறி இறங்குவதை வரைபடமாகப் பார்த்துவிடலாம். பார்க்கவும் பிரமிப்பாக இருக்கும்.

ஆனால் அது எண்ணுவது செய்திகளை. நிகழ்வுகளை அல்ல. 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக்கில் 270-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகள் கடத்தப்பட்டார்கள். அடுத்த மாதம் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்கத் தரவுச் செய்தித் தளம் ஜிடெல்ட்டை வைத்து நைஜீரியாவில் ஆள்கடத்தல் எப்படிப் பெருகியிருக்கிறது என்று ஒரு கட்டுரையும் வரைபடமும் போட்டது. துறை அறிந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். ஒரே கடத்தலைப் பற்றி எழுதப்பட்ட பல செய்திகள் பல கடத்தல்களாகக் கணக்கில் ஏறியிருந்தன. எந்த ஊர் என்று தெரியாத செய்திகளையெல்லாம் கணினி நாட்டின் நடுப்புள்ளியில் கொண்டுபோய் வைத்திருந்தது. கட்டுரைக்குத் திருத்தம் போட வேண்டியதாயிற்று. தரவு பொய் சொல்லவில்லை. உலக ஊடகங்களின் கவனம் எங்கே குவிந்தது என்பதை அது சரியாகவே காட்டியது. அதைக் கடத்தல்களின் எண்ணிக்கை என்று படித்ததுதான் தவறு.

ஆக்லெட் இதற்கு எதிர்முனை. 1997 முதலான ஆப்பிரிக்க மோதல்களைத் தொகுப்பதில் ஆரம்பித்து, படிப்படியாக உலகம் முழுவதற்கும் விரிந்தது. இங்கே செய்தியைப் படித்து வரியாக எழுதுவது மனிதர்கள். ஒரே சம்பவத்தைப் பத்துப் பத்திரிகைகள் எழுதினாலும் ஒரே வரிதான். சண்டை, வெடிகுண்டு மற்றும் தொலைதூரத் தாக்குதல், பொதுமக்கள் மீதான வன்முறை, போராட்டம், கலவரம், இவை எதிலும் அடங்காத முக்கியத் திருப்பங்கள் என்று ஆறு வகை. ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், தரப்புகள், செய்தியின் மூலம் எல்லாம் இருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கட்டம்: இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்கு 1 முதல் 3 வரை ஓர் எண். 1 என்றால் ஊரே தெரியும். 3 என்றால் மாகாணம் அளவுக்குத்தான் தெரியும், புள்ளி ஒரு தோராயம். தன் அறிவின் எல்லையைத் தானே எழுதிவைக்கும் தரவைத்தான் நம்பி வேலை செய்ய முடியும். வரைபடம் போடும் முன் 3 என்று குறித்த வரிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு மாகாணத் தலைநகரில் நாள்தோறும் போர் நடப்பதுபோல் தெரியும்.

மூன்றாவது, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டம். வரலாற்று ஆழம் வேண்டுமென்றால் இதுதான். நாடுவாரியாக 1946 முதலும், சம்பவவாரியாக 1989 முதலும் இருக்கிறது. இதில் ஒரு கறாரான வரம்பு உண்டு: ஒரே ஆண்டில் சண்டையில் குறைந்தது 25 பேர் இறந்திருந்தால்தான் ஆயுத மோதல் என்று கணக்கில் வரும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஊர்வலத்தின் மீது காவல்துறை சுட்டு மூன்று பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆக்லெட்டில் அது அந்த வாரமே ஒரு வரி. உப்சாலாவில் அந்த ஆண்டு அதே தரப்பின் கையால் 25 பொதுமக்கள் இறந்திருந்தால் ஒழிய அது வராது. அதே நாடு ஒரு தளத்தில் கொந்தளிப்பாகவும் மற்றொன்றில் அமைதியாகவும் தெரியும். இரண்டும் தத்தம் வரையறைப்படி சரி. வரையறையைப் படிக்காமல் எடுத்து எழுதுகிறவர்கள்தான் சிக்குவார்கள்.

இந்த மூன்றில் தேர்வு எனக்குக் கடினமாக இல்லை. சமீப மாதங்களின் போக்குக்கு ஆக்லெட், பல பத்தாண்டுகளின் ஒப்பீட்டுக்கு உப்சாலா. ஊடகம் எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதே கேள்வியாக இருந்தால் மட்டும் ஜிடெல்ட். தகவல் போரை ஆராய்கிறவருக்கு அந்தக் கடைசிக் கேள்வியே முக்கியமாக இருக்கலாம் என்பதால் ஜிடெல்ட்டை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன்.

மேலிருந்து பார்ப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் திட்டத்தில் சென்டினல்-2 படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் படம் கிடைக்கும். துல்லியம் 10 மீட்டர். அதாவது படத்தின் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம். ஒரு பீரங்கி வண்டியின் உடல் நீளமே ஏழு மீட்டர் சொச்சம்தான் என்பதால் அது இந்தப் படத்தில் தெரியாது. விமான ஓடுபாதை தெரியும், எரிந்த வயல் தெரியும், வெள்ளம் தெரியும், புதிதாக வெட்டிய நீண்ட அகழி சில சமயம் தெரியும். 2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் ககோவ்கா அணை உடைந்தபோது 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகப் பரப்புள்ள நீர்த்தேக்கம் வாரக்கணக்கில் வற்றிப்போனதை இந்த இலவசப் படங்களிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

மேகம் மூடினால் சென்டினல்-2 உதவாது. அப்போது ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1. இரவிலும் மேகத்தினூடும் பார்க்கும், ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் தீப்பிடித்த இடங்களை 375 மீட்டர் துல்லியத்தில், பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் காட்டிவிடும். போர்முனையில் எங்கே ஷெல்லடி நடக்கிறது என்பதற்கு அது நல்ல குறிப்பு. அறுவடைக்குப் பின் வயலில் பயிர்த்தாளை எரித்தாலும் அதே சிவப்புப் புள்ளிதான் வரும் என்பதை மறக்கக் கூடாது.

காசு கொடுத்தால் கிடைக்கும் படங்களின் தரமே வேறு. பிளானட் நிறுவனம் ஏறக்குறைய 3 மீட்டர் துல்லியத்தில் தினமும் எடுக்கிறது. மேக்ஸார் (2025 முதல் வான்டர் என்ற பெயரில் இயங்குகிறது) 30 சென்டிமீட்டர் வரை போகிறது. புச்சா நகரில் கிடந்த உடல்கள் தங்கள் படை வெளியேறிய பிறகு வைக்கப்பட்டவை என்று 2022 ஏப்ரலில் ரஷ்யா சொன்னது. மேக்ஸார் படங்களை நியூயார்க் டைம்ஸ் நாள்வாரியாக ஒப்பிட்டபோது, யாப்லன்ஸ்கா தெருவில் உடல்கள் மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்தே, ரஷ்யப் படை அங்கே இருந்தபோதே, கிடந்தது தெரியவந்தது. ஒரு அரசின் மறுப்பை ஒரு தெருவின் படம் உடைத்தது.

இதன் மறுபக்கம், படம் யார் கையில் இருக்கிறது என்பது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் தளம் வழியாக உக்ரைனியர்களுக்குக் கிடைத்துவந்த மேக்ஸார் படங்கள் அரசின் முடிவால் சிறிது காலம் நிறுத்தப்பட்டன. வணிகப் படங்களை நம்பி ஆய்வைக் கட்டுகிறவர்கள் இந்தச் சார்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். இலவசப் படம் மங்கலானது என்றாலும் 5 நாள் கழித்து அது வரும் என்ற உறுதி பெரிது. அதனால் சென்டினல்-2-ஐப் படிக்கக் கற்றுக்கொள்வதை இரண்டாம் சாட்சியாக எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். முதல் சாட்சியாக அல்ல. யார் செய்தது, ஏன் செய்தது என்று வானத்திலிருந்து தெரியாது.

இன்னொன்றோடு சேரும்போதுதான் அதற்கு வலு வருகிறது. 2022 பிப்ரவரி 24 அதிகாலை 3.15 மணிக்கு, ரஷ்யாவின் பெல்கோரோத் அருகே உக்ரைன் எல்லையை நோக்கிப் போகும் சாலையில் கூகுள் வரைபடம் போக்குவரத்து நெரிசலைக் காட்டியது. அந்த நேரத்தில் அங்கே நெரிசலுக்கு வேறு காரணமே இல்லை. அமெரிக்காவின் மிடில்பெரி கல்வி நிறுவனத்தில் பணியாற்றும் ஜெஃப்ரி லூயிஸும் அவர் குழுவும் அதைக் கவனித்தார்கள், காரணம் அதே இடத்தில் ரஷ்யக் கவசப் படை நிற்பதை ரேடார் படத்தில் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தார்கள். நெரிசலைக் காட்டிய கைப்பேசிகள் பெரும்பாலும் படையினருடையவை அல்ல, படை நகர்வால் சாலையில் மாட்டிக்கொண்ட பொதுமக்களுடையவை என்பது அவர்கள் கணிப்பு. புதின் தொலைக்காட்சியில் அறிவிக்கும் முன்பே படையெடுப்பு தொடங்கிவிட்டதை இரண்டு சாதாரணத் தரவுகள் சேர்ந்து சொல்லிவிட்டன.

கப்பல், விமானத் தடங்கள்

இந்த வழியில் தொடங்க வேண்டாம் என்பேன். திரையில் கப்பல்கள் நகர்வது அழகாக இருக்கும், நேரம் போவதே தெரியாது. ஆனால் இந்தத் தரவின் அடிப்படை பலவீனமானது: கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் நாம் பார்க்கிறோம். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதை அணைத்து வைக்கலாம், பொய்யாகவும் ஒலிபரப்பலாம்.

2021 ஜூனில் நடந்ததைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். பிரிட்டனின் எச்எம்எஸ் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் ஆகிய இரண்டு போர்க்கப்பல்கள் ஒதெசா துறைமுகத்தில் நின்றிருந்தன. ஜூன் 18 நள்ளிரவு வாக்கில் அவை கிளம்பி கிரிமியாவின் செவஸ்தோபோல் கடற்படைத் தளத்துக்கு மிக அருகில் போனதாக ஏஐஎஸ் தடம் காட்டியது. அப்படிப் போயிருந்தால் அது பெரிய ஆத்திரமூட்டல். ஆனால் ஒதெசா துறைமுகத்தின் வெப்கேமரா யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கப்பல்களும் இரவு முழுக்க அதே இடத்தில் கட்டிக் கிடந்தன. அடுத்த சில நாளில் டிஃபெண்டர் உண்மையிலேயே கிரிமியா அருகே சென்றபோது ரஷ்யாவோடு உரசல் ஏற்பட்டது. பொய்த் தடம் அந்த உரசலுக்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் இதில் கவலைக்குரியது. அந்தத் தடத்தை மட்டும் வைத்து யாராவது செய்தி எழுதியிருந்தால், தெரியாமலேயே தகவல் போரில் ஒரு தரப்பின் ஆளாகியிருப்பார்.

விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பிலும் இதே குறை இருக்கிறது. ஆனால் அந்தக் குறையையே தரவாக மாற்றியவர்கள் உண்டு. ஜிபிஎஸ்ஜாம் என்ற தளம், எந்தப் பகுதியில் பறக்கும் விமானங்கள் தங்கள் இருப்பிடத் துல்லியம் குறைந்துவிட்டதாகத் தாங்களே அறிவிக்கின்றன என்று தினமும் வரைபடம் போடுகிறது. ஜிபிஎஸ் முடக்கம் எங்கே நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். எளிமையான யோசனை, அருமையான வேலை.

சமூக ஊடகப் பகுப்பாய்வு

தகவல் போர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது இதுதான். கணக்குகளைப் புள்ளிகளாகவும் பகிர்வுகளைக் கோடுகளாகவும் வரைந்து, ஒருங்கிணைந்து இயங்கும் கும்பலைக் கண்டுபிடிப்பது. சில வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் இதில் தொடங்கச் சொல்லியிருப்பேன். இப்போது முடியாது, ஏனென்றால் தரவைப் பெறும் வழிகள் அடைபட்டுவிட்டன. ட்விட்டர் 2023-இல் இலவச ஏபிஐ அணுகலை (பதிவுகளை மென்பொருள் வழியே மொத்தமாக எடுக்கும் வழியை) ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேட உதவிய கிரௌட்டேங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதற்குப் பதிலாக மெட்டா கொண்டுவந்த தரவு நூலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடோ லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனத்தோடோ தொடர்புடையவர்களுக்குத்தான் கிடைக்கும். தனியாளுக்கு வழி குறுகிவிட்டது. டெலிகிராமின் பொதுச் சேனல்கள் மட்டும் இன்னும் ஓரளவு திறந்திருக்கின்றன.

அணுகல் கிடைத்தாலும் இன்னொரு பொறி உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று படித்துவிடுவது. ரஷ்யாவின் இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சியோடு தொடர்புடைய 3,841 கணக்குகளின் பதிவுகளை ட்விட்டர் 2018-இல் ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. 2016 அமெரிக்கத் தேர்தலில் அந்த நிறுவனத்தின் ட்விட்டர் பிரச்சாரத்தைப் பற்றி 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அந்தப் பதிவுகளைப் பார்த்த நிகழ்வுகளில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனர்களிடம் குவிந்திருந்ததைக் காட்டியது. அவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே குடியரசுக் கட்சி பக்கம் இருந்தவர்கள். கருத்து மாற்றத்தோடு அளவிடக்கூடிய தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் மெட்டா சீனாவோடு தொடர்புடைய ஸ்பேமஃப்ளாஜ் வலையமைப்பின் 7,704 ஃபேஸ்புக் கணக்குகளை நீக்கியது. எண் பெரிதுதான், உண்மையான மனிதர்களை அது அடைந்தது மிகக் குறைவு.

இதற்காகவே பொய்ப் பிரச்சாரங்களை ஆராயும் பென் நிம்மோ 2020-இல் ஆறு படி கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு பிரச்சாரம் ஒரே தளத்தில், ஒரே வட்டத்துக்குள் நிற்கிறதா? பல தளங்களுக்குத் தாவியதா? பெரிய ஊடகங்கள் எடுத்துப் பேசினவா? கொள்கை முடிவையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்குப் போனதா? இந்த அளவுகோலுக்கு மென்பொருள் வேண்டாம், தரவு அணுகல்கூடப் பெரிதாக வேண்டாம். ஒரு வதந்தியைப் பற்றி எழுத உட்காரும் ஒவ்வொருவரும் அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். முதல் படியில் செத்துப்போகவிருந்த பொய்யை மறுப்பு எழுதியே நாலாம் படிக்கு ஏற்றிவிடுகிறோம்.

சமூக ஊடகத் தளங்கள் தயவு இல்லாமலே செய்யக்கூடிய ஒரு பக்க வழி இருக்கிறது: போலி இணையதளங்களின் பதிவு விவரங்களைத் துருவுவது. ஐரோப்பாவின் இயூ டிஸ்இன்ஃபோலேப் 2022 செப்டம்பரில் அம்பலப்படுத்திய டாப்பல்கேங்கர் பிரச்சாரத்தில், டெர் ஷ்பீகல், லெ மோந்த், கார்டியன் போன்ற பத்திரிகைகளின் பக்கங்களை அச்சு அசலாக நகலெடுத்துப் பொய்க் கட்டுரைகள் ஏற்றியிருந்தார்கள். தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. முகவரியின் வாலில்தான் தெரியும்: வாஷிங்டன்போஸ்ட் என்ற பெயருக்குப் பின் டாட் காம் வர வேண்டிய இடத்தில் டாட் பிஎம். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை இந்தப் பிரச்சாரத்தின் 32 இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. முகவரி எப்போது பதிவானது, எந்தச் சர்வரில் இருக்கிறது, அதே சர்வரில் வேறு என்னென்ன தளங்கள், பாதுகாப்புச் சான்றிதழ் என்றைக்கு வாங்கப்பட்டது என்பதெல்லாம் பொதுவெளியில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவை. கணக்குகளின் வலைப்படம் வரைவதைவிட இது மெதுவான வேலை, ஆனால் கிடைக்கும் சான்று கெட்டியானது.

ஒற்றைப் படத்தைச் சரிபார்ப்பது

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனுக்கு மேலே எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அதைச் சுட்ட பூக் ஏவுகணை வண்டி எந்தச் சாலை வழியாக வந்தது, எந்த ஊரைக் கடந்தது என்று பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழுவினர் சாதாரண மக்கள் எடுத்துப் போட்ட படங்களையும் காணொளிகளையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு விளம்பரப் பலகை, மரங்களின் வரிசை, வண்டியின் பக்கவாட்டில் இருந்த கீறலும் எண்ணும். இவ்வளவுதான் மூலதனம். அது ரஷ்ய ராணுவத்தின் 53-ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்று 2018-இல் சர்வதேசக் கூட்டு விசாரணைக் குழுவும் அறிவித்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரை அவர்கள் இல்லாமலே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

இதற்குத் தேவையான பழக்கங்கள் கொஞ்சம்தான். படத்தைக் கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போட்டுத் தேடி, அது இதற்கு முன்பு எங்காவது வந்ததா என்று பார்ப்பது. காணொளியைத் தனித்தனிச் சட்டகங்களாக வெட்டித் தேடுவது. பின்னால் தெரியும் கோபுரம், மலைமுகடு, சாலை வளைவு ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தைக் குறிப்பது. நிழல் விழும் திசையையும் நீளத்தையும் வைத்து நேரத்தைக் கணிப்பது. பார்த்ததை உடனே சேமித்து வைப்பது. இந்தக் கடைசிப் பழக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2017-இல் யூடியூபின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போரைப் பதிவுசெய்த ஏராளமான காணொளிகள் காணாமல் போயின. நகல் எடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே சாட்சி மிஞ்சியது.

போரைப் பற்றிய பொய்களில் பெரும்பங்கு நவீனத் தொழில்நுட்பமே இல்லாதது என்பதையும் இந்த வேலைதான் கற்றுத்தருகிறது. 2022 மார்ச்சில் ஜெலன்ஸ்கி சரணடையச் சொல்வதுபோல் வந்த டீப்ஃபேக், அதாவது கணினி உருவாக்கிய போலிக் காணொளி, ஒரே நாளில் பிடிபட்டது. ஆனால் பல வருடங்களுக்கு முன் வேறு நாட்டில் எடுத்த காணொளிக்குப் புதுத் தலைப்பு வைப்பதும், ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சியைப் போர்க்களம் என்று போடுவதும் ஒவ்வொரு போரிலும் மறுபடி மறுபடி நடக்கின்றன, ஒவ்வொரு முறையும் பரவுகின்றன.

இதற்கும் குறைகள் உண்டு. ஒரு காணொளிக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடும், சில சமயம் விடையும் கிடைக்காது. ஒரு சம்பவம் உண்மை என்று நிரூபித்தாலும் அது வழக்கமா விதிவிலக்கா என்று சொல்ல முடியாது. கொடூரமான காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனத்தைப் பாதிக்கும். ஒலியை அணைத்துவிட்டு, சின்னச் சாளரத்தில், தேவையான சட்டகத்தை மட்டும் பார்ப்பது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறைகளை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இதில்தான் தொடங்கச் சொல்கிறேன். ஒரு சம்பவத்தின் இடத்தையும் நேரத்தையும் நிறுவ எவ்வளவு பாடு என்று தெரிந்தவருக்கு, அட்டவணையின் ஒரு வரியைப் பார்க்கும்போதே அந்தப் பாடு எங்கே சுருக்கப்பட்டிருக்கும் என்று தோன்றிவிடும். நைஜீரியா வரைபடத்தின் நடுவே குவிந்த புள்ளிகள் அவருக்கு உடனே உறுத்தியிருக்கும். பெரிய தரவில் தொடங்குகிறவருக்கு அந்த உறுத்தல் வருவதற்குள் கட்டுரை வெளியாகிவிடும்.

சாட்பாட்களிடம் கேட்கலாமா?

தெரியாத மொழியில் இருக்கும் பதிவை மொழிபெயர்க்கவும், நூறு செய்திகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இது உண்மையா என்று கேட்கப் பயன்படுத்தக் கூடாது. வெளிநாட்டுப் பொய்ப் பிரச்சாரத்தைக் கண்காணிக்கும் பிரான்ஸ் அரசின் விஜினம் அமைப்பு 2024 பிப்ரவரியில் ரஷ்யச் சார்புச் செய்திகளை அள்ளிக் கொட்டும் 193 தளங்களின் வலையமைப்பை வெளிப்படுத்தியது. அந்தத் தளங்களை மனிதர்கள் அதிகம் படிப்பதில்லை. ஆனால் 2025 மார்ச்சில் செய்தித் தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் நியூஸ்கார்ட் நிறுவனம் பத்து சாட்பாட்களைச் சோதித்தபோது, அந்த வலையமைப்பு பரப்பிய பொய்கள் மூன்றில் ஒரு பங்கு பதில்களில் எதிரொலித்தன.

யாருக்கு எது

செய்திக் குழுவில் இருப்பவருக்கு, இன்று மாலைக்குள் ஒரு காணொளியைப் போடலாமா வேண்டாமா என்பதே கேள்வி. அவருக்குச் சரிபார்ப்பு மட்டும் போதும், அதோடு ஃபர்ம்ஸ், சென்டினல்-2 இரண்டையும் திறந்து பார்க்கத் தெரிந்தால் நல்லது. ஆய்வு மாணவருக்கு ஆக்லெட்டும் உப்சாலாவும் முக்கியம், ஆனால் ஆய்வைத் தொடங்கும் முன் தன் நாட்டுத் தரவிலிருந்து சில வரிகளை எடுத்து, மூலச் செய்தி வரை போய்ச் சரிபார்த்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் கிடைக்கும் புரிதல் எந்தப் புள்ளியியல் பாடத்திலும் கிடைக்காது. பொய்ப் பிரச்சாரத்தின் பின்னணியைத் துருவ விரும்புகிறவருக்கு இணைய முகவரி ஆராய்ச்சியும் டெலிகிராமும். பல்கலைக்கழக ஆதரவு இருந்தால் மட்டும் மெட்டாவின் தரவு நூலகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பணம் கொஞ்சம் கையில் வந்தால் சந்தா எதற்கும் அவசரப்பட வேண்டாம். குறிப்பிட்ட இடத்தின், குறிப்பிட்ட தேதியின் ஒற்றை உயர்துல்லியப் படம் வாங்குவது பெரும்பாலும் அதைவிடப் பயன்தரும், அதுவும் இலவசப் படத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு.

எந்த வழியில் போனாலும் வெளியிடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நாம் துல்லியமாகக் குறிக்கும் இடத்தில் யாரோ குடியிருக்கிறார்கள், காணொளியை எடுத்தவர் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கலாம். ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, இப்படிப்பட்ட சான்றுகளைச் சேகரிப்பது, காப்பது, வெளியிடுவது எப்படி என்று விரிவாகச் சொல்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது. மென்பொருள் எதையும் நிறுவும் முன் அதைப் படித்துவிடலாம்.